மஞ்சள் வைக்காத பத்திரிகை

கல்யாணம் ஆகி நாலு நாள் கழித்துத்தான் சந்தியா கல்யாணப் பத்திரிகை அடிக்கப் போனாள்.

போன வெள்ளிக்கிழமை, கூட வேலை பார்க்கும் ரேவதியின் செவிலிமேட்டு வீட்டில், ஆறு பேர் முன்னால் வெங்கடேசன் தாலி கட்டினான். மாலை மாற்றிக்கொண்டார்கள். ரேவதி கேசரி கிண்டியிருந்தாள், அதில் சர்க்கரை கம்மி. சாயங்காலம் சந்தியா தாலியைச் சுடிதாருக்குள் தள்ளிவிட்டு, வழக்கமாக வேலை விட்டு வருகிற நேரத்துக்குக் காலனியில் தன் வீட்டுக்குப் போய், அம்மா போட்டதைச் சாப்பிட்டுப் படுத்தாள். வெங்கடேசனும் கூரம் ஊரில் உள்ள தன் வீட்டுக்குப் போய்விட்டான்.

பதிவுச் சான்றிதழ் கைக்கு வரும்வரை இப்படித்தான் என்று பேசி வைத்திருந்தார்கள். அந்தத் தாள் இல்லாமல் வெளியே தெரிந்தால், அவனுடைய மாமா ஸ்டேஷனில் ஒரு புகார் கொடுத்தால் போதும், இருவரையும் பிரித்து ஆளுக்கொரு வண்டியில் ஏற்றிவிடுவார்கள். வெங்கடேசனுடையது நிலம் வைத்திருக்கிற குடும்பம். மாமாவுக்குக் கட்சியில் பொறுப்பு. சந்தியாவின் அப்பா முனுசாமி கொத்தனார். அவருடைய அப்பா அதே நிலங்களில் கூலிக்கு இறங்கியவர். இதற்கு மேல் விளக்கம் கேட்கிறவர்கள் தெரியாமல் கேட்பதில்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை வெங்கடேசனுக்குப் பெண் பார்க்கப் போகிறார்கள் என்று திங்கட்கிழமை அவனே போன் செய்தான். அதற்குள் முடித்தாக வேண்டும்.

பதிவு அலுவலகத்தில் கோயில் ரசீது கேட்டார்கள், இல்லையென்றால் பத்திரிகை. கோயிலுக்கு முன்பே போய்ப் பார்த்தாயிற்று; இரண்டு பக்கத்துப் பெற்றவர்களையும் கூட்டி வரச் சொல்லியிருந்தார்கள். ஆகவே பத்திரிகைதான்.

பெரிய காஞ்சிபுரத்தில் அன்றைக்கும் தெரு கொள்ளாத கூட்டம். எங்கெங்கிருந்தோ வேன் பிடித்து, முகூர்த்தப் புடவை எடுக்க அத்தையும் சித்தியுமாக இறங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நடுவே ஆபீஸ் பையை மாட்டிக்கொண்டு ஆனந்தராஜின் அச்சுக் கடைக்குள் நுழைந்தாள். மூன்று கார்டு போதும் என்றாள். கார்டு நூறு நூறாகத்தான் வருகிறது, அதற்குக் குறைத்து அடிப்பதில்லை என்றார் அவர். அழைப்பவர் என்கிற இடத்தில் எங்கள் இரண்டு பேர் பெயரையே போடுங்கள் என்றாள். ஆனந்தராஜ் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"பொண்ணும் மாப்பிள்ளையுமே கூப்பிடுற மாதிரி போட்டா ரிஜிஸ்டர் ஆபீஸ் கவுன்ட்டர்ல ஆயிரம் கேள்வி வரும்மா. அப்பா பேரு சொல்லு."

சொன்னாள். முனுசாமி - வடிவு தம்பதியர் தங்கள் மகளின் திருமணத்துக்குச் சுற்றமும் நட்பும் சூழ வருகை தந்து வாழ்த்துமாறு அன்புடன் அழைத்தார்கள். முடிந்துபோன வெள்ளிக்கிழமைக்கு. நூறு தடவை.

பதிவு அலுவலகக் கவுன்ட்டரில் இருந்த புவனேஸ்வரி மேடம் ஆன்லைன் விண்ணப்பத்தைப் பார்த்தார், ஆதாரைப் பார்த்தார், போட்டோவைப் பார்த்தார். பத்திரிகையைக் கையில் எடுத்ததும் எழுத்தைப் படிக்கவில்லை. நாலு மூலையையும் பார்த்தார்.

"எந்த வீட்லமா மஞ்சள் வைக்காத பத்திரிகைய வெளிய குடுப்பாங்க?"

சந்தியாவுக்குச் சுர்ரென்று ஏறியது. அவள் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள். கவுன்ட்டர்களில் சண்டை போட்டு வாங்குவதே அவளுக்குப் பழக்கம். முதல் பட்டதாரிச் சான்றிதழ் வாங்கவே மூன்று முறை சண்டை போட்டிருக்கிறாள்.

"எந்த ரூல்ல மேடம் மஞ்சள் கேட்டிருக்குது?"

ரூலில் இல்லைதான் என்று அந்த அம்மாள் சாவதானமாக ஒப்புக்கொண்டார். வாரத்துக்கு நாலு பத்திரிகை இப்படி மொடமொடவென்று வருகிறது. மறுநாளே வீட்டு ஆட்கள் வந்து தன் மேஜையைத்தான் தட்டுகிறார்கள். அப்போது ரூல் வந்து பதில் சொல்வதில்லை. இந்தக் கார்டில் பெயர் போட்டிருக்கிற பெற்றவர்கள் நாலு பேரில் ஒருவரைச் சாட்சிக்குக் கூட்டிக்கொண்டு வந்தால், சார்பதிவாளர் சாரிடம் தானே எடுத்துப் போகிறேன் என்றார். பேப்பர்களை அடுக்கித் திருப்பிக் கொடுத்தார்.

வெங்கடேசன் வெளியே வேப்பமரத்தடியில் நின்றுகொண்டு, தன் வீட்டில் யாரும் வர மாட்டார்கள் என்றான். அது அவளுக்குத் தெரியாதா? மிச்சம் இருப்பது அவள் அப்பா.

மூன்று மாதத்துக்கு முன்னால் வெங்கடேசனைப் பற்றி அப்பாவிடம் சொல்லியிருந்தாள். வேணாம்மா என்று மட்டும் சொன்னார். அதற்கு அவள் பேசிய பேச்சு கொஞ்சமில்லை. கூரத்தில் முனுசாமி ஐந்து வீடு கட்டியிருக்கிறார். கிரகப்பிரவேசத்துக்கு ஊரெல்லாம் கார்டு வைப்பார்கள். கொத்தனாருக்கு வாயால் சொல்வார்கள், "வந்துடு முனுசாமி" என்று. போவார். கடைசிப் பந்தியில் சாப்பிடுவார். ஒரு வேட்டியோடு திரும்புவார். அதையெல்லாம் எடுத்துப் போட்டு, கார்டு குடுக்கக்கூட உன்னை மதிக்காதவங்களுக்கு எதுக்குப்பா பயப்படுற என்று கேட்டாள். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். பயம் என்றே முடிவு கட்டிவிட்டாள். அதன்பிறகு அந்தப் பேச்சை எடுக்கவேயில்லை.

அன்று சாயங்காலம் அவர் கால் சிமென்ட்டைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்ததும், பையிலிருந்த கார்டுக் கட்டை அவர் முன்னால் வைத்தாள். சுற்றி வளைக்கத் தெரியாது அவளுக்கு. வெள்ளிக்கிழமையே ஆகிவிட்டது என்று சொல்லித் தாலியை வெளியே எடுத்துப் போட்டாள். வடிவு அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள்.

முனுசாமி ஐந்தாவது வரை படித்தவர். கார்டை உறையிலிருந்து எடுத்து, எழுத்துக் கூட்டி, மனைவிக்குக் கேட்கிற மாதிரி முழுசாக வாசித்தார். வெகுநேரம் பிடித்தது.

"என் பேரு எங்க இருக்குது?" என்று கேட்டாள் வடிவு.

அவர் விரல் வைத்துக் காட்டினார். அவள் அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

சந்தியா தயாராக இருந்தாள். மாமா, கட்சி, அடிதடி, ஊர் என்று அவர் எதைச் சொன்னாலும் பதில் வைத்திருந்தாள். சட்டப் பிரிவுகூட எண்ணோடு மனப்பாடம். அவர் அதில் எதையும் கேட்கவில்லை.

"நூறு கார்டு அடிச்சிருக்கியே, யாருக்குமா குடுத்த?"

"யாருக்கும் குடுக்கலபா. ஆபீசுக்குத்தான்."

முனுசாமி கார்டை மறுபடி உறைக்குள் போட்டார். அது சரியாக உள்ளே போகவில்லை. எடுத்து, திருப்பிப் போட்டார்.

"என் பேரைப் போட்டு எல்லாரையும் கூப்ட்டிருக்க. ஒருத்தரையும் கூப்பிடல."

அவ்வளவுதான். எழுந்து வாசலுக்குப் போய், சுத்தமாகத்தான் இருந்த வண்டியைத் துணி எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார்.

சந்தியா அங்கேயே உட்கார்ந்திருந்தாள். கோபப்பட முயன்றாள், வரவில்லை. இத்தனை வருஷம் கார்டு கொடுக்காதவர்கள் மேல் அவளுக்கு இருந்த ஆத்திரம் அவ்வளவும் உண்மை. ஆனால் தன் பெண் கல்யாணத்துக்கு இரண்டு கையாலும் பத்திரிகை நீட்ட ஒரு மனுஷன் காத்திருந்திருப்பான் என்று அவளுக்குத் தோன்றவேயில்லை. யாருக்கெல்லாம் கொடுப்பது என்று சாரத்தில் நின்றபடி எத்தனை நாள் யோசித்தாரோ. தேதி தாண்டிய கார்டை இனி யாரிடம் கொண்டு போய்க் கொடுப்பது? அந்த நூறையும் அவள் செலவழித்துவிட்டாள்.

சாட்சிக்கு வா என்று அவள் வாய் திறந்து கேட்கவில்லை. கேட்க முடியவில்லை. படுக்கப் போகுமுன் வடிவிடம் மட்டும் கவுன்ட்டரில் நடந்ததைச் சொன்னாள், மஞ்சள் உட்பட.

காலையில் எழுந்தபோது சமையல்கட்டில் ஒரு கிண்ணத்தில் மஞ்சள் குழைத்து வைத்திருந்தது. முனுசாமி வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, ஒரே ஒரு கார்டை முன்னால் வைத்து, மூலைக்கு ஒரு தொடலாக வைத்துக்கொண்டிருந்தார். கலவை பூசிக் காய்த்துப்போன விரல். அளவு தெரியாமல் தாராளமாக அப்பிவிட்டது.

"ஆபீசு எத்தினி மணிக்குத் தொறப்பாங்க?" என்று கேட்டார்.

"பயமா இல்லையாபா?"

"இருக்குது. அதுக்கு இன்னா பண்றது? பேரு போட்டாச்சில்ல."

வெங்கடேசனும் ரேவதியும் அலுவலக வாசலில் காத்திருந்தார்கள். வெங்கடேசன் அவரைப் பார்த்ததும் என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல் விழித்தான். முனுசாமியும் அவனைக் கொஞ்சநேரம் பார்த்தார். சாப்ட்டியாபா என்றார். பிறகு எல்லாரும் உள்ளே போனார்கள்.

சந்தியா விண்ணப்பத்தை மேஜையில் வைத்து, அப்பா வந்திருக்கிறார் என்றாள். சரி, பத்திரிகையை வையுங்கள் என்று குனிந்து எழுதிக்கொண்டே சொன்னார் புவனேஸ்வரி. முனுசாமி வைக்கவில்லை. செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். சட்டையின் மேல் பொத்தானைப் போட்டார். மேஜைக்கு முன்னால் நேராக நின்று, கார்டை இரண்டு கையாலும் நீட்டினார்.

"நம்ம பொண்ணு கல்யாணம்மா. போன வெள்ளிக்கெழமை ஆயிடுச்சு. முன்னாடியே வந்து சொல்ல முடியல. தப்பா எடுத்துக்காதீங்க. பசங்கள ஆசீர்வாதம் பண்ணணும்."

புவனேஸ்வரி நிமிர்ந்தார். பேனாவைக் கீழே போட்டார். யோசித்துச் செய்ததாகத் தெரியவில்லை. நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்து நின்று, புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் வாங்கினார். பத்திரிகை நீட்டினால் எழுந்து வாங்குவது எல்லார் வீட்டிலும் சின்ன வயசிலிருந்து பழக்கிவிடுகிற காரியம்தான். ஆனால் மேஜைக்குப் பின்னால் இருக்கிற ஒருவர் தன் அப்பாவுக்காக எழுந்து நின்று சந்தியா அதுவரை பார்த்ததில்லை.

"நல்லா இருக்கட்டும்ங்க," என்றார் புவனேஸ்வரி. முனுசாமி நகரும்வரை அவர் உட்காரவில்லை.

சார்பதிவாளர் இரண்டு கேள்வி கேட்டார், இரண்டும் வயசைப் பற்றி. சாட்சிக் கையெழுத்து போடும்போது முனுசாமி பெயரை முழுசாக எழுதினார், அவசரப்படாமல், கடைசிச் சுழியை அழுத்தி. விரல் ரேகை, போட்டோ, மறுபடி கையெழுத்து. பன்னிரண்டரை மணிக்குச் சான்றிதழ் கைக்கு வந்தது.

தாளின் ஓரத்தில் கட்டை விரல் அகலத்துக்கு மஞ்சள் ஒட்டியிருந்தது. புவனேஸ்வரி தன் விரலைப் பார்த்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். அழிக்கப் பார்த்தார், இன்னும் பரவியது. வேறு பிரிண்ட் எடுத்துத் தரட்டுமா, அஞ்சு நிமிஷம் ஆகும் என்றார்.

"வேணாம் மேடம்," என்றாள் சந்தியா. "இதுவே இருக்கட்டும்."