பாதி விலையில் ஒரு கிட்டார்

நாவல் பழத்தை உள்ளங்கையில் வைத்து நசுக்கினால் ஊறுமே அந்தக் கருஞ்சிவப்பு, அதன் மேல் கண்ணாடி போல மெருகு, மெருகுக்குள் கோணலாக நீண்டு தெரிகிற ஒரு வழுக்கைத் தலை, அது தன்னுடையதுதான் என்று பிலவேந்திரனுக்கு உறைக்க ஒரு கணம் ஆகிறது, கிட்டார் அவன் தொடையில் உட்கார்ந்திருக்கிறது, இவ்வளவு கனமாக இருக்கும் என்று அவன் நினைக்கவில்லை, தூங்கும் குழந்தையின் கனம், இறக்கி வைக்கவும் மனம் வராது, வைத்திருக்கவும் கை வலிக்கும். தர்ஷிணி என்று சட்டையில் பெயர் குத்தியிருந்த விற்பனைப் பெண் ஆம்ப்ளிஃபயரின் திருகைச் சற்றுத் தணித்துவிட்டு, வாசிச்சுப் பாருங்க சார், நாலு நாளா வந்து பாத்துட்டுப் பாத்துட்டுப் போறீங்க, இன்னியோட இந்தக் கிளையையே மூடறோம், மிச்சம் இருக்கிறதெல்லாம் நாளைக்கு பெங்களூர் போயிடும் என்றாள். அமெரிக்காவில் செய்தது, மற்ற நாட்களில் அவனைப் போன்றவர்கள் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு நடையைக் கட்டுகிற பொருள், இப்போது பாதி விலை, அண்ணா சாலையில் அவன் வேலை பார்க்கும் காப்பீட்டு அலுவலகத்திலிருந்து இரண்டு கட்டடம் தள்ளி இந்தக் கடை, சாப்பாட்டு இடைவேளையில் வந்துவிட்டுப் போகலாம், வந்துவிட்டுத்தான் போய்க்கொண்டிருக்கிறான்.

பணம் ஒரு காரணமே இல்லை, காலையில் சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டே சகாயமேரி சொன்னாள், வாங்கிக்கங்களேன், கல்யாணமாகி இத்தனை வருஷத்துல எனக்கு இது வேணும்னு ஒரு நாள் நீங்க கேட்டதில்ல, பிள்ளைய கட்டிக் கொடுத்தாச்சு, ரெண்டு மாசத்துல ரிட்டையர் ஆகப் போறீங்க, அப்புறம் வீட்ல உக்காந்து என்ன பண்ணுவீங்க, என் மூஞ்சையே பாத்துட்டு இருப்பீங்களா. அவள் சிரித்தாள், அவனும் சிரித்தான், ஆனால் கேட்கக்கூடாது என்று ஒருவன் தனக்குத் தானே விதித்துக்கொண்டு வாழ்ந்திருக்கலாம் என்று அவளுக்குத் தெரியாது, எதற்காக என்றும் தெரியாது, அதை அவன் அவளிடம் சொன்னதில்லை, பாவசங்கீர்த்தனத்தில் மரத்தட்டிக்கு அப்பால் காதைச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த எந்தச் சாமியாரிடமும் சொன்னதில்லை, மற்றதையெல்லாம் சொல்லிவிட்டு அதற்கு நேராக வரும்போது நாக்கு ஒதுங்கிக்கொண்டு போய்விடும்.

ஈ மைனர் பிடித்தான், கற்றுக்கொள்பவன் முதலில் பிடிக்கிற சுரக்கூட்டு, பழக்கம் விட்ட விரல் நுனிகளில் தந்தி சுருக்கென்று கடித்தது, மேலிருந்து கீழாக ஒரே இழுப்பு, சத்தம் எழுந்து நின்றது, நின்றது என்றுதான் சொல்ல வேண்டும், அடங்காமல் நின்றுகொண்டே இருந்தது, அவன் விரலை எடுக்கவில்லை, சத்தம் நிற்கிற அந்த இடத்தில் கடையின் வெளிச்சம் மங்கி, கரூரில் ஒரு கல்யாண மண்டபம், கால் ஆடுகிற மரமேடை, பக்கத்தில் மாசிலாமணி கண்ணை மூடிக்கொண்டு வாசிக்கிறான், தொண்ணூற்று மூன்றாம் வருஷத்து மாசிலாமணி, ஒல்லி, காலர் நீண்ட சட்டை, திருச்சியில் அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து தொடங்கிய மெல்லிசைக் குழுவில் அவன் லீட் கிட்டார், பிலவேந்திரன் ரிதம், அதாவது மாசிலாமணி பறப்பான், பிலவேந்திரன் தரையைப் பிடித்துக்கொண்டிருப்பான், பந்தியில் பாயசம் பரிமாறிக்கொண்டிருந்தவர்கள் வாளியோடு நின்றுவிட்டார்கள், முன்வரிசையில் சஃபாரி சூட் போட்ட ஒருவர் எழுந்து மேடைக்கு அருகில் வந்து, வாசித்து முடிக்கும்வரை மாசிலாமணியின் இடது கையையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். போகும்போது குழுவின் விசிட்டிங் கார்டை வாங்கிக்கொண்டு போனார். அந்தக் கார்டில் இருந்தது பாலக்கரை எஸ்டிடி பூத்தின் எண், பகலில் அந்தப் பூத்தில் வேலைக்கு உட்கார்ந்திருந்தவன் பிலவேந்திரன்.

மூன்றாம் நாள் போன் வந்தது, தம்பி, கோடம்பாக்கத்திலேருந்து பேசறேன், கரூர்ல பாத்தேனே, அந்த லீட் வாசிச்ச பையன், அவரை வியாழக்கிழமை காலையில ரெக்கார்டிங்குக்கு வரச் சொல்லு, எங்க ஆளு ஊர்ல இல்ல, ஒரு நாள் வாசிக்கட்டும், சரியா வந்துச்சுன்னா தொடர்ந்து கூப்பிடுவோம். முகவரி சொன்னார், பிலவேந்திரன் ஒரு ரசீதின் பின்பக்கம் கவனமாக எழுதிக்கொண்டான், தெருப்பெயரை இரண்டு முறை கேட்டுச் சரிபார்த்தான், சொல்லிடறேன் சார் என்றான், சொல்லத்தான் நினைத்தான், அது இன்றைக்கும் அவனுக்குச் சந்தேகமில்லாமல் தெரியும், ரசீதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மாலைக்காகக் காத்திருந்தான், காத்திருந்த அந்த நாலு மணி நேரத்தில்தான் ஏதோ நடந்தது, ஞாயிற்றுக்கிழமை லால்குடிப் பக்கம் மாதா கோயில் திருவிழாவில் கச்சேரி இருக்கிறது, லீட் இல்லாமல் என்ன செய்வது என்று முதலில் தோன்றியது, அது நியாயமான கவலை, அப்புறம் இவன் போனால் திரும்பி வரமாட்டான் என்று தோன்றியது, அதுவும்கூடப் பரவாயில்லை, அப்புறம், அதே மேடையில் நானும்தானே நின்றேன் என்று தோன்றியது. மாலையில் மாசிலாமணி வந்தான், வரகனேரியிலிருந்து சைக்கிளில், வேர்த்துக்கொண்டு, ரெண்டு பஜ்ஜி வாங்கி ஒன்றைப் பிட்டுப் பிலவேந்திரனின் வாயிலேயே திணித்தான், வாய் நிறைய இருந்தது, பேச முடியவில்லை, விழுங்கிய பிறகும் பேசவில்லை. வியாழக்கிழமை வந்தது, போனது. அடுத்த வாரம் மறுபடி மணி அடித்தது, அதே குரல், என்ன தம்பி, ஆளு வரவேயில்லையே, சொன்னியா இல்லையா, மறந்துட்டேன் சார் என்று சொல்லியிருக்கலாம், அப்போதுகூட எல்லாம் சரியாகியிருக்கும், சொன்னேன் சார், அவருக்கு சினிமாவுல இஷ்டமில்லையாம் என்றான் பிலவேந்திரன். அப்படியா, என்றது குரல், பாவம் என்பதுபோல, பிறகு அந்தக் குரல் வரவேயில்லை.

குழு இரண்டு வருஷம்கூட நிற்கவில்லை, ஒரு கீபோர்டு வந்து எல்லா வாத்தியத்தையும் தானே வாசித்துவிட்டது, பிலவேந்திரன் பரீட்சை எழுதிச் சென்னைக்கு வேலைக்கு வந்தான், ரிதம் கிட்டாரை மாமா மகனுக்குக் கொடுத்தான், இனிமேல் தொடுவதில்லை என்று யாரும் கேட்காமலே முடிவு செய்தான், அதைத் தண்டனை என்று நினைத்துக்கொள்வது ஒருவிதத்தில் ஆறுதலாக இருந்தது, மாசிலாமணி கல்யாணத்துக்கு முன்னால் தன்னுடையதை விற்றான், அரியமங்கலத்தில் லாரிக்கு பேட்டரி விற்கும் கடையில் வேலைக்குச் சேர்ந்து, பிறகு அதே கடையை எடுத்து நடத்தினான், அமிலம் பட்டு அவன் விரல் நுனிகள் வெளுத்துப்போயின, தந்தி பிடித்துக் காய்த்த இடம் எது, அமிலம் பட்ட இடம் எது என்று பிரித்துச் சொல்ல முடியாது. போன வருஷம் பிலவேந்திரனின் மகள் கல்யாணத்துக்கு முதல் நாளே வந்துவிட்டான், பந்தல்காரனோடு சண்டை போட்டான், வந்தவர்களுக்கெல்லாம் காபி எடுத்துக் கொடுத்தான், வரவேற்பில் வாசித்துக்கொண்டிருந்த பையன்களின் கிட்டாரைத் தூரத்திலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தவன், பக்கத்தில் வந்து நின்ற பிலவேந்திரனின் தோளில் கையைப் போட்டு, நமக்கும் ஒரு போன் வந்திருக்கலாம்டா வேந்தா, ஒரே ஒரு போன், என்றான், சும்மா சொன்னான், வெயில் இல்லாமல் இருந்திருக்கலாம் என்கிற மாதிரி சொன்னான், அதற்குள் யாரோ அவனைக் கூப்பிட, சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

என்ன சார், பில் போட்டுடவா, என்று தர்ஷிணி கேட்டபோதுதான் சத்தம் அடங்கிவிட்டதைக் கவனித்தான், விரல்கள் மட்டும் ஈ மைனரில் அப்படியே இருந்தன, ஒரு போன் பேசிட்டு வந்துடறேம்மா என்று கிட்டாரை அவளிடம் கொடுத்துவிட்டுப் படிக்கட்டில் வந்து நின்றான், யோசித்தால் செய்யமாட்டோம் என்று தெரிந்ததால் யோசிக்கவில்லை. என்னடா, வேலை நாள்ல கூப்பிடற, உடம்பு கிடம்பு சரியில்லையா, என்றான் மாசிலாமணி, பின்னால் யாரோ லாரி பேட்டரிக்கு வாரண்டி கேட்டுக்கொண்டிருந்தார்கள், பிலவேந்திரன் சொன்னான், கரூர், சஃபாரி சூட், ரசீது, வியாழக்கிழமை, எல்லாவற்றையும் ஒரே மூச்சில், நிறுத்தினால் மறுபடி தொடங்க முடியாது. மறுபக்கம் வாரண்டி கேட்ட குரல் போய், தெருச் சத்தம் போய், ஏதோ கதவு சாத்தப்படும் ஓசை கேட்டது. தொண்ணூத்தி மூணுலயா, என்றான் மாசிலாமணி. ஆமா. ரெண்டு தடவை பண்ணினாங்களா. ஆமாடா. ரெண்டாவது தடவை நீ என்ன சொன்ன. உனக்கு சினிமாவுல இஷ்டமில்லன்னு சொன்னேன். மாசிலாமணி மிகச் சாதாரணமான குரலில், இப்ப ஏன்டா சொல்ற, என்று கேட்டான், பிலவேந்திரன் அப்போதாவது பொய் சொல்லியிருக்கலாம், ஒரு கிட்டார் பார்த்தேன் மாசி, பாதி விலைக்கு வருது, வாங்கலாமான்னு, என்று உண்மையைச் சொன்னான். ஓ, என்றான் மாசிலாமணி, அத தொடறதுக்கு முன்னாடி நீ கைய கழுவிக்கணும், நான் தண்ணி ஊத்தணும், அதானே. இல்லடா, என்றான் பிலவேந்திரன், இல்லை என்பது உண்மையல்ல என்று சொல்லும்போதே தெரிந்தது. வை, ஆள் நிக்குது, என்று போன் அணைந்தது.

வேண்டாம்மா, என்றான் உள்ளே போய். விலையா சார், மேனேஜர்கிட்ட கேட்டு இன்னும் கொஞ்சம் குறைக்கச் சொல்லவா, என்றாள் தர்ஷிணி, விலை இல்லம்மா, விலை ரொம்ப நியாயம்தான், என்றான், அதற்குள் கையில் ஹெல்மெட்டோடு ஒரு பெண் மூச்சு வாங்க உள்ளே வந்து, அந்தச் சிவப்பு போயிடுச்சா, என்று கேட்டாள், தர்ஷிணி அவனைப் பார்த்தாள், அவன் கொடுத்துவிடு என்பதுபோலத் தலையை ஆட்டினான், அந்தப் பெண் ஹெல்மெட்டைத் தரையிலேயே வைத்துவிட்டு இரண்டு கையையும் நீட்டினாள். அவன் படியிறங்கும்போது மேலே முதல் சுரம் எழுந்தது, சுத்தமான கை, ரிதம் கையல்ல, தெரு திரும்பும்வரை கேட்டது, கேட்காத இடத்திலும் கேட்டது, சரியானதைச் செய்துவிட்டோம் என்று ஒரு மெல்லிய நிம்மதி வரப் பார்த்தது, அலுவலகத்துக்குப் போகாமல் பேருந்து நிறுத்தத்தில் வந்து உட்கார்ந்தான், வெயில் இரும்பு இருக்கையில் ஏறியிருந்தது.

போன் அடித்தது, மாசிலாமணி. வாங்கிட்டியா, என்றான் எடுத்தவுடனே. இல்லடா. ஏன். மனசு வரல மாசி, உனக்கு அப்படிப் பண்ணிட்டு நான் மட்டும் எப்படி. யாரு கேட்டது உன்னை, என்று மாசிலாமணி கத்தினான், பிலவேந்திரன் அவன் கத்திக் கேட்டதேயில்லை, மேடையில் மின்சாரம் போனபோதுகூடக் கத்தாதவன், அன்னிக்கும் எனக்கு என்ன இஷ்டம்னு நீயே சொல்லிட்ட, இன்னிக்கும் எனக்காக நீயே வேண்டாம்னு சொல்லிட்டு வர, எப்பதான்டா என்னைக் கேப்ப. பிலவேந்திரனுக்குள் அந்த மெல்லிய நிம்மதி இருந்த இடம் காலியாகக் கிடந்தது, மன்னிச்சுக்கடா என்று சொல்ல வாயெடுத்தான், அதுவும் தனக்காகத்தான் என்று தோன்றியது, மூடிக்கொண்டான். மறுபக்கம் மூச்சு மட்டும் கேட்டது, தணிந்து, தணிந்து. வாசிச்சியா, என்றான் மாசிலாமணி. வாசிச்சேன். என்ன வாசிச்ச. ஈ மைனர். ரிதம்காரன் வேற என்னத்த வாசிப்ப, என்றான், அதில் சிரிப்பு இல்லை, கோபமும் இல்லை, பிறகு, தொண்டையைச் செருமிக்கொண்டு, யாருக்கும் கேட்டுவிடக்கூடாது என்பதுபோலக் குரலை இறக்கி, எப்படிடா இருந்துச்சு, என்றான்.

இரண்டு பேருந்துகள் வந்து நின்று போயின, அவன் எழுந்திருக்கவில்லை, சொல்லத் தொடங்கினான், கழுத்துப் பலகை வழவழப்பா, கை தானா வழுக்கிட்டுப் போவுதுடா, தந்தி அவ்வளவு தாழ்வா இருக்கு, அழுத்தவே வேண்டாம், விரல் நெனச்சாலே பிடிச்சுக்குது, ஒரே ஒரு தடவ மீட்டினேன், விரலை எடுக்காம வச்சிருந்தேன், சத்தம் அடங்கவே மாட்டேங்குது மாசி, நம்ம கிட்டார்லாம் டொக்குனு விழுந்துடுமே, இது நிக்குது, நீ கண்ண மூடிட்டு அடுத்தது என்னன்னு யோசிக்கலாம், அவ்வளவு நேரம் நிக்குது, உன் கைக்கு, என்று தொடங்கி அந்த வாக்கியத்தை அவனால் முடிக்க முடியவில்லை, சாலையில் ஒரு ஆம்புலன்ஸ் கத்திக்கொண்டு போனது, அது போன பிறகு மறுபக்கம் எந்த அரவமும் இல்லை, மூச்சுகூட இல்லை, துண்டித்துவிட்டானோ என்று காதிலிருந்து எடுத்துத் திரையைப் பார்த்தான், நொடிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன, மாசி, என்று கூப்பிட்டான், மாசி, இருக்கியா.

இருக்கேன், என்றான் மாசிலாமணி, நீ சொல்லு.