மழையில் எப்படி நிற்கும்?

மாலை நான்கு மணிக்கு அந்தச் சத்தம் கேட்டது. பெனிட்டோ காற்றடிக்கும் குழாயை இழுத்துக்கொண்டு கடைவாசலுக்கு வந்தார். கார் எதுவும் இல்லை. திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் ஒரு பேருந்தும் அதன் பின்னால் இரண்டு கன்டெய்னர் லாரிகளும் போய்க்கொண்டிருந்தன. கடைக்கு முன்னால் கார்கள் வந்து நிற்கிற இடத்தில் வெயில் மட்டும் கிடந்தது.

உள்ளேயிருந்து ஷெர்லின் எழுந்து வந்து, கணவன் கையிலிருந்த குழாயை வாங்கிக் கொக்கியில் மாட்டினாள்.

"இன்னைக்குமா?"

"வந்து நின்னுச்சு ஷெர்லின். எஞ்சினை அணைச்சது வரைக்கும் கேட்டேன்."

"வருஷம் ஒண்ணு ஆகப்போவுது. ஃபாதர்ட்ட ஒரு வார்த்தை சொல்லுங்கன்னா கேக்க மாட்டேங்கிய."

பெனிட்டோ தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து இங்கே டயர்க் கடை போட்டு இருபது வருடம். சாலையில் போகிற காரைப் பார்க்காமலே, ஓசையை வைத்து அது எந்த டயரில் ஓடுகிறது என்று சொல்லிவிடுவார். இப்போது கேட்டது யாரோ வாயை மூடிக்கொண்டு முனகுவதுபோன்ற ஓசை. ஒரே ஒரு டயருக்குத்தான் அது உண்டு. வாரம் தவறாமல் நான்கு மணிக்கு அந்த டயரில் வந்து காற்று பார்த்துக்கொண்டு போனவன் வெற்றி. அவன் இறந்து பதினோரு மாதம் முடிந்திருந்தது.

பெனிட்டோ யூடியூபில் ஒரு சேனல் நடத்தினார். டயர்களை ஒப்பிட்டுப் பேசுவார். போன வருடம் மே மாதத்தில், வேகமாக ஓட்டுகிறவர்களுக்காகச் செய்யப்பட்ட இரண்டு வெளிநாட்டு சம்மர் டயர்களை எடுத்துக்கொண்டார். நண்பன் தௌசீஃபுக்கு சாத்தாங்காட்டில் இரும்பு யார்டு இருந்தது. அதன் பின்னால் இருக்கிற நீண்ட சாலையில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஈ காக்கை இருக்காது. அங்கே வைத்துத்தான் படம் எடுத்தார்கள். கம்பெனிப் பெயர் சொல்லாமல், புது டயரின் மேல் ஓடுகிற வண்ணக் கோட்டை வைத்து ஒன்றை ஆரஞ்சு என்றும் மற்றதை நீலம் என்றும் அழைத்தார்.

ஆரஞ்சின் ரப்பர் மென்மையானது. பள்ளங்கள் குறைவு, அதனால் ரப்பர் முழுக்கத் தரையில் படியும். நீலத்தில் விரல் நுழைகிற அளவுக்கு நான்கு பள்ளங்கள் சுற்றிலும் ஓடின. எண்பது கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் அடித்தபோது நீலத்தைவிட இரண்டரை மீட்டர் முன்னதாகவே ஆரஞ்சு நின்றது. டேப் பிடித்து அளந்து காட்டினார்கள். வளைவிலும் ஆரஞ்சுதான் பிடி விடாமல் போனது. "கண்ணை மூடிக்கிட்டு ஆரஞ்சு போடலாம்" என்று பெனிட்டோ முடித்தார். நாற்பதாயிரம் பேர் பார்த்தார்கள்.

அவர்கள் பார்க்காத ஒரு பகுதி இருந்தது. அன்று மூன்று மணிக்குமேல் திடீரென்று ஒரு மழை பிடித்துக்கொண்டது. சாலை தாழ்ந்த இடத்தில் தண்ணீர் தேங்கியது. இரண்டு டயர்களையும் அதிலும் ஓட்டிப் பார்த்தார்கள். நீலம் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போனது. ஆரஞ்சு தண்ணீர்மேல் ஏறி மிதந்தது. ஸ்டீரிங்கை எந்தப் பக்கம் திருப்பினாலும் வண்டி தன் போக்கில் போனது.

"இதையும் போடு மச்சி, ஜனங்க பாக்கட்டும்" என்றான் தௌசீஃப்.

பெனிட்டோ அதை வெட்டிவிட்டார். கிடங்கில் ஆரஞ்சு பன்னிரண்டு செட் அடுக்கியிருந்தது. வருடத்தில் மழை எத்தனை நாள் பெய்துவிடப் போகிறது என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

ஆகஸ்டில் அந்த வீடியோவுக்குக் கீழே ஒருவன் எழுதியிருந்தான்: "அண்ணா மழைல எப்டி நிக்கும்?" பெனிட்டோ ஒரு பதிலைத் தட்டினார். படித்துப் பார்த்து அழித்தார். போனை மேசைமேல் வைத்துவிட்டு வேறு வேலை பார்த்தார். ஒரு வாரம் கழித்து அவனே கடைக்கு வந்தான். வெற்றி என்றான். வீடு காத்திவாக்கம், கன்டெய்னர் யார்டில் வேலை. யாரோ ஓட்டிக் கழித்த சிவப்புக் காரை ஆசையாகத் துடைத்து வைத்திருந்தான்.

"சம்மர் டயர்னு போட்டுக்கீதே! நம்மூர்ல என்னிக்குண்ணா சம்மர் இல்ல?" என்று சிரித்தான்.

பெனிட்டோவும் சிரித்தார். நான்கு ஆரஞ்சு டயர்களை மாட்டி அனுப்பினார்.

நவம்பரில் முதல் பெருமழை பெய்த அன்று காலை ஒன்பது மணிக்கு, எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் வெற்றியின் கார் சுழன்று, கடலோரம் கொட்டியிருந்த பாறைகளில் மோதியது. அவன் அங்கேயே இறந்தான். பக்கத்து சீட்டில் இருந்த தங்கை பிழைத்தாள். அதற்குப் பிறகு பெனிட்டோ ஆரஞ்சு விற்கவில்லை. மிஞ்சியிருந்த ஒரு செட்டைப் பரணில் ஏற்றித் தார்ப்பாய் போட்டு மூடினார். மறுவாரம் நான்கு மணிக்கு முதல்முறையாகச் சத்தம் கேட்டது.

இந்த நவம்பரில் ஒரு வியாழக்கிழமை அந்தத் தங்கை கடைக்கு வந்தாள். வலது காலில் கம்பி வைத்திருந்தார்கள். கைத்தடி ஊன்றித்தான் படி ஏறினாள். ஷெர்லின் நாற்காலியை இழுத்துப் போட்டும் உட்காரவில்லை.

"என் பேரு மோகனப்ரியா. வெற்றி தங்கச்சி."

பெனிட்டோ எழுந்து நின்றார்.

"வேகமா போயி செத்தான்னு ஊரே சொல்லுதுண்ணா. நூத்தி இருவதுல பறந்தான்னு எவனோ எங்கப்பாகிட்ட சொல்லிட்டான். நான் பக்கத்துல குந்திகினு இருந்தேன். மீட்டர்ல எழுவதுதான் இருந்துச்சி. அதச் சொன்னா, அண்ணனுக்காகப் பொய் சொல்றேன்னு எங்கப்பா எங்கூட பேசறதையே வுட்டுட்ச்சி. ஒரே வூட்லதான் கீறோம். ஒரு வருஷமா ஒரு வார்த்த கெடயாது."

அவள் போனை எடுத்து அவர் முன்னால் நீட்டினாள். அண்ணனின் பழைய கேள்வி திரையில் இருந்தது.

"நேத்துதான் இதப் பாத்தேன். நீங்க பதிலே போடல. அதான் நேர்ல கேக்க வந்தேன். மழைல எப்டி நிக்கும்?"

அந்த நிமிடமே சொல்லியிருக்கலாம். ஆனால் பெனிட்டோ, "ஞாயித்துக்கிழமை ஓட்டிப் பாத்துட்டுச் சொல்லுதேன்" என்றார்.

"நானும் வண்டில வருவேன்."

"வேண்டாம்மா. இந்தக் காலை வச்சுக்கிட்டு…"

"அன்னிக்கு எப்டி இருந்துச்சுன்னு எனக்கு மட்டுந்தான் தெரியும். நான் இல்லாம நீங்க இன்னாத்த பாப்பீங்க?"

சனிக்கிழமை முழுக்கக் கொட்டிய மழை ஞாயிறு காலையில் விட்டிருந்தது. சாத்தாங்காட்டில் கிரேன்கள் எல்லாம் கழுத்தைத் தொங்கப்போட்டு நின்றன. தௌசீஃப் சாலையின் இரு முனையிலும் டிரம்களை உருட்டி வைத்தான். தாழ்ந்த இடத்தில் ஒரு விரல் உயரத்துக்குத் தண்ணீர் நின்றது. இரண்டு பக்கமும் வெறும் சேற்றுநிலம். வண்டி வழுக்கினாலும் மோத எதுவும் இல்லை. பெனிட்டோவின் காரில் இரண்டு முன்சீட்டுகளுக்கும் நடுவே, மீட்டரும் சாலையும் தெரிகிற மாதிரி போனைப் பொருத்தினார்கள்.

முதலில் நீலம். எழுபத்தைந்தில் தண்ணீருக்குள் இறங்கினார் பெனிட்டோ. சளசளவென்று சத்தம் எழுந்தது. வண்டி ஒரு குலுக்குக் குலுக்கியது. ஆனால் ஸ்டீரிங் கைக்கு அடங்கியே இருந்தது. மோகனப்ரியா தலையசைத்தாள். "இப்டி இல்ல" என்றாள்.

டயர்களை மாற்ற முக்கால் மணி நேரம் ஆனது. பரணிலிருந்து இறக்கிய ஆரஞ்சு செட்டில் புதுக்கோடு கூட அழியாமல் இருந்தது. வண்டி நகர்ந்ததும் அந்த முனகல் ஆரம்பித்தது. அவள் கைத்தடியை இரண்டு முழங்கால்களுக்கு இடையில் இறுக்கிக்கொண்டாள்.

ஐம்பதில் ஒன்றும் ஆகவில்லை. அறுபதில் லேசாக அலைந்தது. மூன்றாவது தடவை முள் எழுபதைத் தொட்டபோது தண்ணீரில் இறங்கினார்.

சத்தம் நின்றுபோனது.

முனகல் இல்லை, தண்ணீர் அடிக்கிற ஓசைகூட இல்லை. டயர் தரையை விட்டு எழும்பிவிட்டது என்று பெனிட்டோவுக்குத் தெரியும். ஸ்டீரிங் பொம்மை வண்டியுடையது போல எடையில்லாமல் சுற்றியது. அந்த அமைதிக்குள், தன் கழுத்துக்குப் பின்னால் யாரோ மூச்சை இழுத்துப் பிடிப்பதை அவர் உணர்ந்தார். பிறகு அவருடைய வாய் தானாகத் திறந்தது.

"பாப்பா, கெட்டியா புட்ச்சிக்கோ."

வண்டி ஒன்றரைச் சுற்று சுழன்று, சேற்றில் இறங்கி நின்றது. எஞ்சின் அணைந்துவிட்டது. தூரத்தில் தௌசீஃப் ஓடிவருவது தெரிந்தது.

மோகனப்ரியா அவரையே பார்த்தாள்.

"இப்ப இன்னா சொன்னீங்க?"

நான் ஒன்றும் சொல்லவில்லை என்று சொல்லப் போனார். முடியவில்லை. அந்த வார்த்தைகள் இன்னும் நாக்கில் இருந்தன. அது அவருடைய பேச்சும் இல்லை, அவர் ஊர்ப் பேச்சும் இல்லை.

"எங்கண்ணன் மட்டுந்தான் என்னப் பாப்பான்னு கூப்புடும். கடேசியா சொன்னது அதுதான். நான் யார்கிட்டயும் சொன்னதே இல்ல. அம்மாகிட்ட கூட."

தௌசீஃப் கதவைத் திறந்து, இருவருக்கும் அடிபட்டதா என்று தொட்டுத் தொட்டுப் பார்த்தான். பிறகு போனை எடுத்து ஓடவிட்டார்கள். முள் எழுபதில் நிற்பது தெளிவாகத் தெரிந்தது. சத்தம் அறுந்துபோவதும் கேட்டது. அதற்கப்புறம் "இப்ப இன்னா சொன்னீங்க" என்ற அவள் குரல்தான் வந்தது. நடுவில் எந்தக் குரலும் பதிவாகியிருக்கவில்லை.

"நான் வெளிய நின்னேன், எனக்கின்னா தெரியும்?" என்று முணுமுணுத்த தௌசீஃப், அதற்குப் பிறகு அந்தக் காரின் பின்சீட்டுப் பக்கம் திரும்பவே இல்லை.

மோகனப்ரியா மெதுவாக இறங்கி, சேற்றில் தடியை ஊன்றி நின்றாள். "இதான். இதே அமைதிதான்" என்றாள். அப்புறம் கேட்டாள்: "உங்களுக்கு இது மொதல்லியே தெரியுமா?"

தௌசீஃப் தரையைப் பார்த்தான்.

"தெரியும்" என்றார் பெனிட்டோ. "மே மாசமே பாத்தோம். நான் வெட்டிட்டேன். உங்க அண்ணன் கேட்டப்பவும் தெரியும்."

அவள் திட்டுவாள் என்று நினைத்தார். அவள் திட்டவில்லை. தேங்கிய தண்ணீரிலிருந்து கண்ணை எடுத்து அவர் பக்கம் திரும்பினாள்.

"எங்கப்பாகிட்ட வந்து இதச் சொல்லுங்க. இப்பவே."

நீலத்தைத் திரும்ப மாட்டிக்கொண்டு காத்திவாக்கம் போனார்கள். அவளுடைய அப்பா திருமலை, முகத்துவாரத்தின் கரையில் படகு எஞ்சினைப் பிரித்து, மண்ணெண்ணெயில் கழுவிக்கொண்டிருந்தார். மகளைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பெனிட்டோ தன்னை யாரென்று சொல்லி, போனை நீட்டினார். திருமலை அதை வாங்கவில்லை.

"படம்லாம் எனக்கு வாணாம். வாயால சொல்லு."

பெனிட்டோ அவருக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து சொன்னார். ஆரஞ்சையும் நீலத்தையும் பற்றிச் சொன்னார். வீடியோவில் வெட்டியதைச் சொன்னார். உங்கள் மகன் எழுபதுக்குமேல் போகவில்லை, தேங்கிய தண்ணீரில் எழுபதில் போனால் அந்த டயர் யார் ஓட்டினாலும் நிற்காது என்றார்.

"தெரிஞ்சேதான் குட்த்தியா?"

"ஆமாய்யா."

திருமலையின் கையில் பெரிய ஸ்பானர் இருந்தது. அவர் அதை இறுக்கிப் பிடித்திருந்தார். பெனிட்டோ நகரவில்லை. அது தன்மேல் விழும் என்று காத்திருந்தார். விழுந்தால் நன்றாக இருக்கும் என்றுகூடத் தோன்றியது. கிழவர் ஸ்பானரை மண்ணெண்ணெய்த் தட்டில் போட்டார்.

மகளை நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னாத்துக்கு நின்னுகினே கீற? கால் நோவாதா? குந்து."

மோகனப்ரியா அப்படியே படகின் ஓரத்தில் உட்கார்ந்து, துப்பட்டாவில் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். திருமலை எண்ணெய்க் கையோடு அவள் தலையைத் தொடப் போனார், தொடாமல் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். சற்று நேரம் கழித்து, பெனிட்டோ இன்னும் அங்கேயே இருப்பது அவருக்கு நினைவு வந்தது.

"நீ போ. இனிமே இந்தப் பக்கம் வராத."

பெனிட்டோ போனார். அன்று மாலையே மழையில் ஓட்டிய காட்சியைச் சேனலில் ஏற்றினார். மே மாதம் தான் செய்ததையும் கேமராவைப் பார்த்து அப்படியே சொன்னார். பேசும்போது இரண்டு இடத்தில் குரல் உடைந்தது. அதை வெட்டவில்லை. கீழே வந்து குவிந்த வசவுகளையும் அழிக்கவில்லை. வேறு வீடியோ அதற்கப்புறம் அவர் எடுக்கவே இல்லை. நான்கு மணிச் சத்தமும் பிறகு கேட்கவில்லை.

ஆரஞ்சு வாங்கியவர்களில் வெற்றியைத் தவிரப் பத்துப் பேர் இருந்தார்கள். ஒவ்வொருவராகக் கூப்பிட்டு வரவழைத்து, வேறு டயர் மாட்டிக் கொடுத்தார். எட்டுப் பேர் வந்தார்கள். கழற்றிய டயர்களைத் தௌசீஃபின் யார்டில் வைத்து, மறுபடி யாரும் மாட்ட முடியாதபடி கட்டரால் அறுத்தார்கள்.

இரண்டு பேர் வரவில்லை. ஒருவர் மணலிக்காரர், தேசப்பன். வண்டி நன்றாகத்தான் ஓடுகிறது, தொந்தரவு செய்யாதே என்பார். இன்னொரு எண்ணில் யாரும் எடுத்ததே இல்லை. ரசீதில் பெயர்கூடச் சரியாக எழுதியிருக்கவில்லை. அந்த முகமும் நினைவில்லை.

வானம் இருண்டு முதல் தூறல் விழுந்ததும் பெனிட்டோ கைவேலையைப் போட்டுவிட்டு அந்த இரண்டு எண்களையும் கூப்பிடுவார். தேசப்பன் எடுத்தவுடனேயே கத்துவார்: "யோவ், உனக்கு வேற வேலையே இல்லியா? வூட்லதான்யா கீறேன்!" அதைக் கேட்டதும் பெனிட்டோவுக்கு மூச்சு சீராகும். அப்புறம் இரண்டாவது எண். மணி அடித்துக்கொண்டே இருக்கும். அது தானாக அறுபடும்வரை போனைக் காதில் வைத்தபடி, சாலையில் தண்ணீர் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார்.