கிறெனெக் தோற்றுக்குடுத்த ஆட்டம்

அந்தத் தோல்கோட்டுக்காரனைக் கண்ட அண்டைக்கே எனக்கு அவனைப் பிடிக்கேல்லை. செஸ் பாக்க வந்தவன் பலகையைப் பாக்கவேணும், இல்லையோ? அவன் கிறெனெக்கின்ரை முகத்தைத்தான் பாத்துக்கொண்டு இருந்தவன்.

கிறெனெக் ஆரெண்டு சொல்லவேணும். செக்கோஸ்லோவாக்கியாக்காரர், பெரிய கிராண்ட்மாஸ்டர். இளந்தாரி வயதிலையே பட்டம் எடுத்து, நாட்டுக்காக ஊர் ஊராய் ஆடி, மேடையிலை பூச்செண்டு வாங்கின மனுசன். எண்பத்தைஞ்சிலை மேற்கு ஜேர்மனிக்கு ஆட வந்த இடத்திலை, திரும்பிப் போகமாட்டன் எண்டு அசூல், அதுதான் அகதித் தஞ்சம், கேட்டுப்போட்டார். அதோடை அங்கத்தைச் செஸ் பத்திரிகையிலை இவற்றை பேரை எடுத்துப்போட்டாங்கள். ஆட்டத்தைப் போடுவாங்கள், ஆடினவற்றை பேர் இருக்கவேண்டிய இடத்திலை வெறும் கோடு. சீ, என்ன சனங்களப்பா!

ஹம் நகரத்துக்குப் பக்கத்திலை, அகதியளை வைச்சிருந்த ஹைமிலை அவரும் நாங்களும் ஒரே மாடி, சமையலும் ஒரே குசினி. நாங்கள் எண்டால் யோகம் எண்ட நானும் என்ரை மனுசன் அரியரத்தினமும். கிறெனெக்குக்கு அசூல் கிடைச்சு, உள்ளூர்ச் செஸ் கிளப் அணியிலை முதல் ஆளாய் ஆடுற முதல் பலகையும் கிடைச்சுது. ஆனாலும் வேறை வீடு பாக்கேல்லை. ஹைமின்ரை கீழ்விறாந்தையிலை இருந்த ரெலிபோன் நம்பர் ஒண்டுதான் அவற்றை மகளுக்குப் பாடம். தாயில்லாப் பிள்ளை யிட்கா. அங்கை புர்னோ நகரத்திலை பெரியதாயோடை இருந்தவள். தேப்பன் ஓடினதாலை யூனிவசிற்றிக்கு விடேல்லை, பாஸ்போட்டும் குடுக்கேல்லை. அந்தப் பிள்ளையை எப்பிடியாவது வெளியிலை எடுக்கவேணும். கிறெனெக்குக்கு மூச்சு முழுக்க அதுதான்.

ஒருக்கால் அவர் ஆட்டத்துக்கு வெளிக்கிட்டு வாசல்படி இறங்கேக்கை, இவர், என்ரை மனுசன், பின்னாலை நிண்டு, "எங்கை போறியள்?" எண்டு கேட்டுப்போட்டார். எனக்கு வந்துதே கோவம்! "காலடி எடுத்து வைக்கிற ஆளை அப்பிடிக் கேக்கிறதே?" எண்டு இவருக்கு ஏசிப்போட்டு, கிறெனெக்கை உள்ளுக்குக் கூப்பிட்டு இருத்தி, தண்ணி குடுத்துத்தான் அனுப்பினன். அண்டைக்கு அவர் வெண்டிட்டார். செஸ்காரருக்கு எங்களிலும் பாக்கச் சகுனம் கூட. வெண்ட அண்டைக்குப் போட்டிருந்த சேட்டைத் தோய்க்கவே விடாயினம். அதுக்குப்பிறகு ஆர் பின்னாலை கேட்டாலும் திரும்பி வந்து, இருந்து, தண்ணி குடிச்சிட்டுத்தான் போவார்.

எண்பத்தொன்பது மாசியிலை ஒரு பெரிய போட்டி. கிறெனெக்கின்ரை நாட்டுச் சாம்பியனும் வந்திருந்தான். அவனோடை ஆடுறதுக்கு முதல்நாள், அந்த அரசாங்கத்து உளவாளியான தோல்கோட்டுக்காரன் கிறெனெக்கைப் பக்கத்திலை கூப்பிட்டு, "எங்கடை பெடியனோடை தோத்துக்குடு. மகளுக்குப் பாஸ்போட் வரும்" எண்டிருக்கிறான்.

குசினியிலை வந்து எங்களுக்குச் சொன்னார். 

"ஒரு ஆட்டம்தானே, விட்டுக்குடுங்கோவன்" எண்டார் இவர்.

"உங்களுக்கு விசரே?" எண்டன் நான். "எங்கடை ஊரிலை என்ரை தம்பியை ஆமி பிடிச்ச நேரம் அம்மாவுக்கு நாளைக்கு வா, நாளைக்கு வா எண்டுதானே சொன்னவங்கள்? அம்மா செத்தும் போனா, தம்பி வரேல்லை. குடுக்கத் துடங்கினால் கேட்டுக்கொண்டே இருப்பாங்கள்."

 அடுத்தநாள் கிறெனெக் வெல்லுற ஆட்டத்திலை, நகத்தவே கூடாத நேரத்திலை ராணியைத் தொட்டார். தொட்ட காயை நகத்தத்தான் வேணும், அது செஸ் சட்டம். ராணி போச்சு, ஆட்டமும் போச்சு. வாழ்க்கையிலை வேணுமெண்டு தோக்காத மனுசன், எழும்பி அந்தப் பெடியனுக்குக் கை குடுத்தார். தோல்கோட்டுக்காரன் அப்பதான் முதல்முதல் சிரிச்சான்.

பாஸ்போட் வந்துதோ? எங்கை! பங்குனியிலை அடுத்த கதை வந்துது. நீயே திரும்பி வா, ஓடினது பிழையெண்டு ரேடியோவிலை சொல்லு, பொடிச்சியை விடுறம்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஹைமுக்கு முன்னாலை ஒரு கறுத்தக் கார். கிறெனெக் பெட்டியோடை படி இறங்கினார்.  எனக்கு வேறை வழி தெரியேல்லை. தெரிஞ்சுகொண்டே, பெலத்த சத்தமாய்க் கேட்டன்.

"எங்கை போறியள்?"

நிண்டார். திரும்பிப் பாத்துச் சிரிச்சார். "யோகம், இது கள்ள ஆட்டம், நீங்கள் அளாப்புறியள்."

"ஓம், அளாப்புறன். வந்து இருங்கோ."

வந்து இருந்தார், பாவம். நான் கோப்பையைக் கழுவிக் கழுவித் தண்ணி வாத்தன். வெளியிலை ஹோண் அடிச்சுது. அவர் குடிச்சு முடிக்க முன்னம் விறாந்தையிலை ரெலிபோன் அடிக்க, ஓடிப்போய் எடுத்தார்.

யிட்கா. பொடிச்சி கத்துறது தள்ளி நிண்ட எனக்கே கேட்டுது. திடீரெண்டு லைன் அறுந்துது.

"வராதேங்கோ அப்பா எண்டு அழுகிறாள்" எண்டார். "எனக்கு ஒருத்தரும் பாஸ்போட் தரேல்லை, எல்லாம் பொய், அவங்களை நம்பாதேங்கோ எண்டு சொல்லுறாள்."

"அப்பாடா!" எனக்குக் கண் கலங்கிப்போச்சு. "கேட்டியள்தானே? பெட்டியை மேலை கொண்டுபோங்கோ."

அவர் ரிசீவரைப் பிடிச்சபடி நிண்டார். "யோகம், அந்த லைனை அவங்களும் கேட்டுக்கொண்டுதான் இருப்பாங்கள். இவ்வளவு நாளும் அவள் வெறும் என்ரை மகள். இப்ப அவங்களுக்கு எதிராய்க் கதைச்சவள். நான் போகாட்டில் அவளைத்தான் கொண்டுபோவாங்கள்."

"ஐயோ, அவள்தானே வராதேங்கோ எண்டவள்!"

"அதைச் சொன்னபடியால்தான் போகவேணும்."

நான் வாசலை மறிச்சுக்கொண்டு நிண்டன். மெல்லமாய் என்ரை தோளைப் பிடிச்சு விலத்திப்போட்டு இறங்கினார். தோல்கோட்டுக்காரன் விருந்தாளிக்குத் திறக்கிறமாதிரிக் காரின்ரை பின்கதவைத் திறந்து பிடிச்சிருந்தான். அந்த அறுவானுக்கு என்ரை வாயிலை வந்ததெல்லாம் தமிழிலை சொன்னன். கார் போயிட்டுது.

கிளப்பிலை கொஞ்சநாள் அவற்றை கதிரையை வெறுமையாய் வைச்சிருந்திச்சினம். ரேடியோவிலை அவர் கதைச்சதாய் ஒருத்தரும் சொல்லேல்லை. எங்கை வைச்சிருக்கிறாங்கள், உயிரோடை இருக்கிறாரோ, ஒரு தகவலும் இல்லை.

அந்த வருசக் கடைசியிலை அங்கை ஆட்சி விழுந்து, எல்லை திறந்தாச்சு. மார்கழிக் குளிருக்கை ஒரு பொடிச்சி ஹைம் வாசலிலை வந்து நிண்டாள். தேப்பன்ரை மூக்கு. பாத்த உடனை தெரிஞ்சுபோச்சு.

"நீங்கள் யோகமோ? நான் யிட்கா." திக்கித் திக்கி ஜேர்மனிலை கதைச்சாள். முகமெல்லாம் சிரிப்பு. "என்னை ஒருத்தரும் ஒண்டும் செய்யேல்லை. லைன் அறுந்தபிறகு ரெலிபோனை வெட்டிப்போட்டாங்கள், அவ்வளவுதான். நான் சொன்னதைக் கேட்டு அப்பா நிண்டுட்டார் எண்டு எவ்வளவு சந்தோசமாய் இருந்தனான் தெரியுமே? மேலையோ இருக்கிறார்?"

இவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு குசினிக்கை போயிட்டார்.  அவள் என்னை விலத்திக்கொண்டு, அப்பா, அப்பா எண்டு கூப்பிட்டபடி மாடிப்படி ஏறினாள்.