இடிபடாத பசு

நெடுங்காட்டில் திருஞானசம்பந்தம் வீட்டுப் பின்புறக் கொட்டகையில் அன்று காலை இருந்தவர்கள் இவர்கள்: வீட்டுக்காரர் திருஞானசம்பந்தம், அவர் மனைவி நீலாயதாட்சி, வளைகாப்பு முடிந்து பிரசவத்துக்காகத் தாய்வீடு வந்திருந்த மகள் இளவேனில், அவளைப் பார்க்க முந்தின நாள் சாயங்காலம் தரங்கம்பாடியிலிருந்து வந்த மாப்பிள்ளை சிவபாலன், மகன் போன் செய்ததும் முதல் பஸ்ஸைப் பிடித்து ஓடிவந்த சம்பந்தி பூமிநாதன், காரைக்காலிலிருந்து வரவழைக்கப்பட்ட மெக்கானிக் முகைதீன் பிச்சை. வேறு யாரும் இல்லை.

ஆறு பேரும் மோட்டார் சைக்கிளின் முன்சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரிம் ஒரு பக்கம் உள்ளே மடிந்து கிடந்தது. கம்பிகள் சில அறுந்து துருத்திக்கொண்டு நின்றன. முகைதீன் பிச்சை சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தார். தள்ளித்தான் சுற்ற முடிந்தது. டயர் ஃபோர்க்கில் உரசிக் கிறீச்சிட்டுக்கொண்டே திக்கித் திக்கிச் சுழன்றது.

"எதுல மோதுனுச்சுங்க?" என்று கேட்டார் அவர்.

சிவபாலன் வாயைத் திறந்தான். பூமிநாதன் இருமினார். இருவரையும் முந்திக்கொண்டு திருஞானசம்பந்தம் பதில் சொன்னார்.

"மாடு."

"மாடா! நேத்து நம்ம ரோட்டுக்கு என்னமோ ஆயிருக்குங்க அய்யா. கோட்டுச்சேரி ரோட்டுல, மதகுகிட்ட, ஒரு மீன்காரம்மாவ எவனோ அடிச்சுப் போட்டுட்டுப் போயிட்டானாம். கால் ஒடிஞ்சு ஆஸ்பத்திரியில கெடக்குது." சந்தேகப்பட்டுச் சொன்ன பேச்சல்ல அது. ஊர்ச் செய்தியாகச் சொல்லிவிட்டு அவர் மறுபடி சக்கரத்துக்குத் திரும்பினார். "இது கோட்டம் எடுக்குற கேஸ் இல்லீங்க. ரிம்மே மடிஞ்சிடுச்சு. புதுசுதான் போடணும். கடைக்குக் கொண்டாந்துட்டா சுளுவா முடிஞ்சிடும்."

"கடைக்கெல்லாம் வேணாம். இங்கேயே வந்து மாட்டிக் குடுத்துடுங்க."

"நாளன்னைக்கு ரிம்மோட வர்றேன்."

இளவேனில் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். "இங்க என்னம்மா கவுச்சி அடிக்குது?"

"நம்ம வூட்டுல கவுச்சியா?" என்றாள் நீலாயதாட்சி. "வயித்துல புள்ள இருந்தா மல்லியப்பூகூட நாறும். உள்ள போ."

தலைமுறை தலைமுறையாகச் சைவம் மட்டுமே சமைத்த வீடு அது. மீன் கூடை அந்த வாசல் ஏறியதில்லை. கோயில் தேர் வடம் தொட்டுக் கொடுக்கும் மரியாதை அந்தக் குடும்பத்துக்கு உண்டு. ஊரில் இரண்டு பேருக்குள் தகராறு என்றால், 'சம்பந்தம் அய்யா சொல்லிட்டார்' என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அந்தப் பெயரைக் கறையில்லாமல் வைத்திருப்பதே தன் பிறவிக் கடமை என்று வாழ்ந்தவர் அவர்.

முந்தின நாள் விளக்கேற்றும் நேரத்தில் அந்த வண்டி உரசிக்கொண்டே வந்து வாசலில் நின்றது. சிவபாலன் வாயைத் திறந்ததுமே சாராய நெடி வந்தது. புதுச்சேரி மாநிலத்தைச் சேர்ந்த இந்தப் பக்கத்தில் தமிழ்நாட்டைவிடச் சாராய விலை குறைவு என்பதால், மாமனார் வீட்டுக்கு வரும்போதெல்லாம் வழியில் ஒரு கடையில் ஒதுங்குவது அவன் பழக்கம். அது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். யாரும் கேட்டதில்லை. மாப்பிள்ளையை எப்படிக் கேட்பது?

"ஒரு பொம்பள மேல இடிச்சிட்டேன் மாமா. அப்பறம் மதகு செவுத்துல போயி மோதிட்டேன்" என்று அவன் கொட்டகையில் வைத்து அவரிடம் மட்டும் சொன்னான். "எழுந்து உக்காந்தாங்க மாமா. சத்தியமா பாத்தேன்."

"எறங்கிப் பாத்தீங்களா?"

அவன் தலை குனிந்தான்.

மெக்கானிக் போன பிறகு, பெண்கள் உள்ளே போகும்வரை காத்திருந்து பூமிநாதன் பேச்சை ஆரம்பித்தார்.

"நல்லா சமாளிச்சீங்க சம்பந்தி. மாடுன்னே இருக்கட்டும். கல்யாணத்துக்கு வண்டி கேட்டப்ப, பாண்டிச்சேரி ரிஜிஸ்ட்ரேஷன்ல வாங்குனா வரி கம்மின்னு ஒங்க விலாசத்துல ஒங்க பேருக்கே வாங்கிக் குடுத்தீங்க. இன்னிய வரைக்கும் மாத்தல. கேசுன்னு வந்தா போலீஸ் மொதல்ல யார் வாசல்ல வந்து நிக்கும்? யோசிச்சுப் பாருங்க."

"பயமுறுத்துறீங்களா?"

"சேச்சே! ஒங்க மானம் வேற, எங்க மானம் வேறயா? ஆனா ஒண்ணு சொல்லிப்புடறேன். எம்புள்ளைய நீங்களே காட்டிக் குடுத்தா, ஒங்க பொண்ணு பெத்த புள்ளையோட இங்கேயே இருந்துக்க வேண்டியதுதான். அழைச்சிட்டுப் போவ நாங்க வர மாட்டோம்."

சொல்லிவிட்டு அவர் காப்பியைக் குடித்து முடித்தார். மிச்சம் வைக்கவில்லை. மத்தியான பஸ்ஸில் தரங்கம்பாடிக்குத் திரும்பினார்.

வண்டியின்மேல் சாக்கைப் போட்டு மூடினார்கள். காய்ச்சல் என்று சொல்லி மாடி அறையில் படுத்த சிவபாலன் இறங்கவே இல்லை. வாசலில் சைக்கிள் மணி கேட்டால்கூடத் திருஞானசம்பந்தம் எழுந்து எட்டிப் பார்த்தார். சொந்த வீட்டில், சொந்தச் சாய்வு நாற்காலியில், அவர் காவலில் வைக்கப்பட்டவர் போல உட்கார்ந்திருந்தார்.

வெளியே அந்த மாடு நடமாடத் தொடங்கிவிட்டது.

நீலாயதாட்சிக்கு உண்மை தெரியாது. கர்ப்பிணியின் புருஷன் பசுவை இடித்துவிட்டானே, அந்தப் பாவம் வயிற்றுப் பிள்ளையைப் பிடிக்குமே என்று அவள் பதறிப்போனாள். கோயில் குருக்களைக் கேட்டு வந்தாள். தினமும் ஒரு பசுவுக்கு இளவேனில் கையால் அகத்திக்கீரை கொடுப்பது என்று முடிவாயிற்று. கீரைக்கட்டு வாடாமல் இருக்கட்டும் என்று அதைக் கொட்டகை நிழலில், தண்ணீர் தெளித்து வைத்தாள்.

கீரை கொடுத்தால் ஊர் கேட்காமல் இருக்குமா? அன்று சாயங்காலமே அடுத்த தெருக் கோவிந்தராசு வந்து நின்றான்.

"அய்யா, நம்ம செவலப்பசு நேத்துலேர்ந்து நொண்டுதுங்க. மாப்ள வண்டியில அடிபட்டது அதானுங்களா?"

இல்லை என்றால், பின்னே எந்த மாடு என்று ஊர் தேடும். திருஞானசம்பந்தம் பொய்யைத் தொடர்ந்தார்.

"இருக்கும். மாட்டு டாக்டரை அனுப்பறேன். புண்ணாக்கு ஒரு மூட்டையும் வரும். மனசுல வச்சிக்காதே."

"நீங்க சொன்னா சரிங்க. வேற யாராச்சும்னா இடிச்சிட்டு ஓடியே போயிருப்பான். ஒங்க குடும்பம்ங்கறதால ஒத்துக்கிட்டீங்க!" என்று கும்பிட்டுவிட்டுப் போனான் கோவிந்தராசு.

அந்தக் கும்பிடு அவரை அறைந்தது. மறுநாள் யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறிக் காரைக்கால் ஆஸ்பத்திரிக்குப் போனார். எதற்குப் போகிறோம் என்று அவருக்கே தெரியவில்லை. அந்தப் பெண் நன்றாக இருக்கிறாள் என்று யாராவது சொல்லிவிட மாட்டார்களா என்ற ஆசைதான்.

பெண்கள் வார்டில், கதவோரக் கட்டிலில் அவள் கிடந்தாள். வலது கால் தொடை வரை மாவுக்கட்டு. பக்கத்துக் கட்டில்காரியிடம் உரக்கப் பேசிக்கொண்டிருந்தாள்.

"சுனாமியில வூடு போச்சு, எங்க ஊட்டுக்காரரு போனாரு. கடலே வேணாம்னு உட்டுட்டுப் போன என்னய, கண்ணு தெரியாத ஒரு பய இடிச்சிட்டுப் போயிட்டான் பாருடி. கூடை நெறைய மடவை மீனு. அத்தனையும் ரோட்டுல. காக்காய்க்கு நல்ல சாப்பாடு!"

அவளே சிரித்தாள். பிறகுதான் வாசலில் நிற்பவரைப் பார்த்தாள்.

"யாரப் பாக்கணுங்க அய்யா?"

"வேற... வேற ஒருத்தரை."

"நெடுங்காட்டு அய்யாதான நீங்க? தேர் இழுக்கறப்ப பாத்திருக்கேன். ஒங்க தெரு வழியாத்தான் வருவேன். ஒங்க வூட்டுல வாங்க மாட்டீங்க. ஆனா ஒங்க வூட்டம்மா கேட்டா தண்ணி குடுப்பாங்க." அவள் முகம் மலர்ந்தது. "வண்டி எதுன்னு தெரிஞ்சா இன்சூரன்ஸ்ல ஏதாச்சும் கெடைக்கும்ங்கறாங்க. நம்பரப் பாத்தியான்னு போலீஸ்காரரு கேக்கறாரு. நான் எங்க நம்பரப் பாத்தேன்? ஆகாசத்தைத்தான் பாத்தேன். இனிமே கூடை தூக்க முடியாதுன்னுட்டாங்க அய்யா. நீங்க நாலு எடத்துல பழகறவங்க. காதுல உழுந்தா சொல்லுங்க."

"சொல்றேன்" என்றார் அவர். அவர் வாயிலிருந்து வந்த இன்னொரு பொய் அது. கட்டில் தலைமாட்டில் பெயர் எழுதியிருந்தது: சொர்ணாம்பாள், கோட்டுச்சேரிமேடு. தன் தெருவில் எத்தனையோ வருஷமாக நடந்த ஒருத்தியின் பெயரை அப்போதுதான் அவர் முதல்முறையாகப் படித்தார்.

வீடு திரும்பியபோது கொட்டகைக் கதவு திறந்திருந்தது. சாக்கு கீழே கிடந்தது. இளவேனில் ஒரு கையில் அகத்திக்கீரைக் கட்டோடு வண்டி முன்னால் நின்றாள். காலடியில் ஒரு பூனை முன்சக்கரத்து மட்கார்டை நக்கிக்கொண்டிருந்தது.

"இந்தப் பூனை ரெண்டு நாளா இங்கேயே கெடக்குதுப்பா" என்றாள் அவள். "நம்ம வூட்டுல அதுக்கு என்னா இருக்குன்னு சாக்கத் தூக்கிப் பாத்தேன்."

உள்ளங்கையை விரித்தாள். காய்ந்து, கண்ணாடித் துண்டு போல மின்னிய செதில்கள்.

"மாட்டுக்கு ஏதுப்பா செதிலு?"

அவர் குனிந்து சாக்கை எடுக்கப் போனார்.

"அந்த மெக்கானிக் சொன்ன மீன்காரம்மாதானே?"

"மெதுவாப் பேசும்மா. ஒன் வாழ்க்கைக்காகத்தான்..."

"என் வாழ்க்கைக்கா?" அவள் குரல் தணியவில்லை. "மாட்டுக்கு டாக்டரை அனுப்புனீங்க. புண்ணாக்கு அனுப்புனீங்க. நான் வயித்துப் புள்ளையோட தெருத்தெருவாப் போயி கீரை குடுத்தேன். அடிபட்ட பொம்பளைக்கு ஒரு வாய் தண்ணி குடுத்தமா? இப்படி மறைச்சு வச்ச வாழ்க்கையில நான் புள்ள பெத்து, அதுக்கு என்னான்னு சொல்லி வளக்கறது?"

மாடிப்படியில் சிவபாலன் நின்றிருந்தான். சத்தம் கேட்டு இறங்கி வந்தவன், பாதிப் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். சமையல்கட்டு வாசலில் நின்ற நீலாயதாட்சி கொட்டகைக்குள் வந்தாள்.

"ஏங்க," என்றாள் அவள் மெல்ல, "நான் தண்ணி குடுப்பேனே, அந்தம்மாவா?"

திருஞானசம்பந்தம் தலையசைத்தார். பிறகு உள்ளே போய், தேர் நாளில் உடுத்தும் மயில்கண் வேட்டியைக் கட்டிக்கொண்டு, நெற்றிக்கு விபூதி இட்டுக்கொண்டு வந்தார்.

"மாப்ள. சட்டையைப் போட்டுக்கிட்டு வாங்க. ஸ்டேஷனுக்குப் போவணும்."

"மாமா, அப்பா சொன்னாரே..."

"ஒங்க அப்பாகிட்ட நான் பேசிக்கறேன். நீங்க வந்துதான் ஆவணும்."

சிவபாலன் மாமனார் முகத்தைப் பார்த்தான், மனைவி முகத்தைப் பார்த்தான். சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தான்.

ஒரு வேனைக் கூப்பிட்டு ஏற்றியிருக்கலாம். அவர் கூப்பிடவில்லை. சிவபாலன் முன்பக்கத்தைத் தூக்கிப் பிடிக்க, அவர் பின்னாலிருந்து தள்ளினார். கை ஓய்ந்து அவன் இறக்கும்போதெல்லாம் அந்தக் கோணல் சக்கரம் கிறீச்சிட்டது. கடைத்தெரு முழுவதும் எழுந்து நின்று பார்த்தது. வடம் தொட்டுக் கொடுக்கும் கை வியர்த்து, வேட்டியில் கிரீஸ் அப்பியது.

கோவிந்தராசு ஓடிவந்தான். "அய்யா, நீங்க போயி இதத் தள்ளிக்கிட்டு? மாடுதான் இப்ப நல்லா நடக்குதே! ஸ்டேஷன் பக்கம் எதுக்குங்க போறீங்க?"

திருஞானசம்பந்தம் வண்டியை நிறுத்தினார். எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"மாடு இல்ல கோவிந்தராசு. மனுஷி. எங்க மாப்ள குடிச்சிட்டு ஓட்டி இடிச்சிட்டாரு. அவரு குடிக்கறது தெரிஞ்சும் வண்டியக் குடுத்து வாயை மூடிக்கிட்டது நான். அத மாடுன்னு சொல்லி மறைச்சதும் நான். தப்பு செஞ்சதால குடும்ப மானம் போவாது. தப்ப மறைச்சாத்தான் போவும். குடிச்சவன் கையில வண்டியக் குடுக்காதீங்க. இடிச்சிட்டா எறங்குங்க, ஓடாதீங்க. அவ்வளவுதான்."

கோவிந்தராசு வழிவிட்டு ஒதுங்கினான். சக்கரம் மறுபடி கிறீச்சிட்டது.

வழக்கு நடந்தது. சிவபாலன் தண்டனையை ஏற்றுக்கொண்டான். சொர்ணாம்பாளுக்குச் சேர வேண்டியது சேர்ந்தது. பூமிநாதன் சொன்னபடியே, பேரப்பிள்ளை பிறந்த செய்திக்கும் வரவில்லை. சிவபாலன் வந்தான், பஸ்ஸில். வழியில் எங்கும் இறங்கவில்லை.

நெடுங்காட்டில் இன்றும் சிலர், அந்த வண்டி கோவிந்தராசு பசுமேல்தான் மோதியது, பெரிய மனிதர் யாருக்காகவோ இல்லாத பழியைத் தாமே ஏற்றுக்கொண்டார் என்று பேசிக்கொள்கிறார்கள். அது உண்மையல்ல. அந்தப் பசுவின் குளம்பில் கருவேல முள் ஏறியிருந்தது. மாட்டு டாக்டர் அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டார். வண்டி மோதியது கோட்டுச்சேரிமேடு சொர்ணாம்பாள் மேல்.