ஆப்பிள் மர மூடி

தூரே ஒரு காலத்தில் பின்லாந்தில் எங்கள் தாம்பெரே நகரத்து மேடைகளை அதிரவைத்த கிட்டார்காரர். இப்போது முதியோர் இல்லத்தில் சொந்த மனைவி ராய்லாவையே "நர்ஸம்மா" என்கிறார். ஆனால் அவருடைய பழைய கிட்டாரைச் சின்ன ஒலிபெருக்கியில் மாட்டி ஒரு தந்தியைத் தட்டினால் போதும், தலை நிமிரும். "என்னுது" என்பார். அந்த ஒரு சொல்லுக்காகவே ராய்லா தினமும் பஸ் பிடித்துப் போய்வந்தாள்.

தந்தியின் அதிர்வைப் பிடித்துச் சத்தமாக்கும் காந்தச் சுருள்தான் பிக்கப். அதன் உலோக மூடி துருவேறி, முனை பிய்ந்து, தூரேயின் விரலைக் கிழித்துவிட்டது. தோட்டத்தில் விழுந்த ஆப்பிள் மரத்தின் துண்டோடு ராய்லா, கிட்டார் பழுதுபார்க்கும் என் பட்டறைக்கு வந்தாள்.

"இதுல ஒரு மூடி செஞ்சு போடு இல்போ. உள்ள மட்டும் கை வைக்காதே. அந்தச் சத்தம் போச்சுன்னா அவரும் போன மாதிரிதான்."

"முப்பது வருஷமா இதத்தானே பண்றேன். பயப்படாம போங்க."

வாய்க்கொழுப்பு, வேறென்ன.

மூடிக்கும் சுருளுக்கும் நடுவே மெழுகு இறுகிக் கிடக்கும். அதை இளக்காமல் மூடியைப் பெயர்த்தால், தலைமுடியைவிட மெல்லிய கம்பி அறுந்துவிடும். மெழுகை இளக்க நான் பிக்கப்பைத் துண்டில் சுற்றி வீட்டுச் சவுனாவில், அதாவது அடுப்பில் கல்லைச் சுடவைக்கும் நீராவிக் குளியலறையில், சூடு குறைந்த கீழ்ப்பலகையில் வைப்பேன். அரைமணி நேரத்தில் மூடி கையோடு வந்துவிடும். ஒருமுறைகூடத் தவறியதில்லை.

தூரேயின் பிக்கப்பை அப்படி வைத்த அன்று சனிக்கிழமை. என் மச்சான் ஹன்னு குளிக்க வந்தான். நான் வெளியே பீரோடு உட்கார்ந்திருந்தேன், பிக்கப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லை. அவன் செக்கச்செவேலென்று வெளியே வந்தான்.

"துண்டுக்குள்ள என்னவோ சுத்தி வச்சிருந்தியே, கால் வைக்க இடைஞ்சலா இருந்துச்சு. தூக்கி அடுப்புக்கல்லு பக்கத்துல வச்சிட்டேன்."

ஓடினேன். சுருளின் பிளாஸ்டிக் சட்டம் அப்பளம் போல நெளிந்து, கம்பி பல இடங்களில் அறுந்து கிடந்தது.

"குளிக்கிற இடத்துல எவனாச்சும் பட்டறை வைப்பானா?" என்றான் ஹன்னு. அவனை அறையலாம் போலிருந்தது. அவன் சொன்னதில் தப்பில்லை என்பதுதான் எரிச்சல்.

புதுச் சட்டத்தில், புதுக் கம்பியை அதே எண்ணிக்கையில் சுற்றினேன். மீட்டர் பழைய அளவையே காட்டியது. ஆப்பிள் மர மூடியை இழைத்து, எண்ணெய் பூசி, அழகாகப் பொருத்தினேன். ராய்லாவிடம் எதையும் சொல்லவில்லை. கோழை நான்.

செவ்வாய்க்கிழமை அவளோடு இல்லத்துக்குப் போனேன். அவள் தந்தியைத் தட்டினாள். தூரே தலை நிமிரவில்லை. மறுபடி ஓங்கித் தட்டினாள். அவர் கை மட்டும் வந்து மூடியைத் தடவியது.

"நல்லா இழைச்சிருக்காங்க," என்றார். "யாரோடது?"

ராய்லா என்னைப் பார்த்தாள். "உள்ள கை வச்சியா?"

"ஆமா."

அவள் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். கிட்டாரை என் மடியில் வைத்தாள். "வாசி. சும்மா உக்காந்திருக்காம ஏதாச்சும் கேக்கட்டும்."

வாசித்தேன். முடித்ததும் தூரே மரியாதையாகக் கைதட்டினார்.

"நல்ல கை தம்பி உனக்கு. எங்கிட்டயும் ஒரு கிட்டார் இருந்துச்சு. அது சத்தமே வேற."