வராத துணிக்கு நன்றி

அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரத்தில் கறுப்பர்களின் தொழிலை வளர்ப்பதற்காக எந்த விழா நடந்தாலும், மேடைக்குப் பின்னால் தொங்கும் பேனர் என் கடையில் அடித்ததாகத்தான் இருக்கும். ஒரு கறுப்புக் கையும் ஒரு வெள்ளைக் கையும் குலுக்கிக்கொண்டிருக்கும். கீழே 'சேர்ந்து வளர்வோம்' என்று கொட்டை எழுத்து. வருஷா வருஷம் தேதியை மட்டும் மாற்றுவேன். அந்த விழாக்களால் எனக்குக் கிடைத்த ஒரே வியாபாரமும் அந்தப் பேனர்தான். வாங்கி வந்த விசிட்டிங் கார்டுகளை அடுப்பில் போட்டால் ஒரு குளிர்காலத்தை ஓட்டிவிடலாம்.

விழா என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. பெரிய கம்பெனிக்காரர்கள் மேசைக்கு ஒருவராக உட்கார்ந்திருப்பார்கள். நாங்கள் வரிசையில் நின்று, ஒவ்வொரு மேசையிலும் சில நிமிஷம் எங்கள் கடையைப் பற்றிப் பேச வேண்டும். மணி அடித்தால் எழுந்து அடுத்த மேசை. கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்த மாதிரி பல்லைக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும். யாரும் முகத்தில் அடித்த மாதிரி வேண்டாமென்று சொல்ல மாட்டார்கள். "தொடர்பில் இருங்கள்" என்பார்கள். நானும் வெர்லீனும் இந்த வரிசையில் நின்று நின்றுதான் சிநேகிதர்கள் ஆனோம்.

வெர்லீன் ஸ்டோக்ஸ் சலவைக்கூடம் வைத்திருந்தாள். முடிவெட்டும் கடைத் துண்டுகள், இறுதிச்சடங்குக் கூடத்தின் மேசை விரிப்புகள், எங்கள் சர்ச் சபைப் பாடகர்களின் அங்கிகள், இவைதான் அவள் பிழைப்பு. ஆனால் அவள் கண் ஊரின் பெரிய மருத்துவமனை மேல் இருந்தது. "ஒரு ஆஸ்பத்திரிப் படுக்கை தினமும் எவ்வளவு துணி அழுக்காக்கும் தெரியுமா, க்ளியோ அண்ணே? அதுல ஒரு மாடித் துணி வந்தா போதும், நம்ம தெருவுல பாதிப் பேருக்கு வேலை குடுத்துடுவேன்" என்பாள். பேராசை என்று சொல்ல முடியாது. அவள் வெளுத்த வெள்ளையை நான் பார்த்திருக்கிறேன்.

அந்த வருஷ விழாவில் பிராண்ட் என்பவன் அவளைத் தேடிக்கொண்டு வந்தான். தேடி வந்த வெள்ளைக்காரனை அன்றுதான் நாங்கள் முதன்முதலாகப் பார்த்தோம். மூன்று மாகாணங்களில் சலவை ஆலை வைத்திருக்கும் பணக்காரன், வெர்லீனின் பிளாஸ்டிக் நாற்காலிக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பேசினான்.

"ஆஸ்பத்திரி டெண்டர் வருதும்மா. ஒரு பங்கை கறுப்பர் கம்பெனிக்குக் குடுத்தாத்தான் டெண்டரே கிடைக்கும். உங்க பேரை எங்ககூடப் போட்டுக்கலாமா? பெரிய வார்டுங்க எனக்கு, குழந்தைங்க வார்டும் பிரசவ வார்டும் உங்களுக்கு."

"என் மெஷின் அந்த அளவுக்குத் தாங்காதே, ஐயா" என்றாள் வெர்லீன்.

"அதுக்கென்ன, ஒண்ணு பெரிசா வாங்கிப் போடுங்க. வேலைதான் வரப்போகுதே!"

அவன் போன பிறகு வெர்லீன் என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் வழக்கம்போல வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை.

"அவன் சிரிப்பு ரொம்ப நீளமா இருக்கு, வெர்லீன்."

"உனக்கு எல்லாமே கோணல்தான். உன் பேனர்ல இருக்கிற கையை நீயே நம்ப மாட்டே."

"அடிச்சவன்ல, அதான்."

டெண்டர் பிராண்டுக்குக் கிடைத்தது. வெர்லீன் வீட்டை அடமானம் வைத்துப் பெரிய மெஷின் ஒன்றை இறக்கினாள். அதுவரை செய்தது தொழிலில் யாரும் செய்வதுதான். அடுத்து அவள் செய்தது எங்கள் ஆட்கள் மட்டும் செய்வது.

எங்கள் சபையில் ஒரு பழக்கம் உண்டு. கர்த்தர் ஒன்றைத் தருவாரென்று நம்பினால், அது கைக்கு வருவதற்கு முன்பே எழுந்து நின்று ஊருக்கு முன்னால் நன்றி சொல்லிவிட வேண்டும். வந்த பிறகு யார் வேண்டுமானாலும் சொல்லலாம், வராததற்குச் சொல்வதுதான் விசுவாசம் என்று எங்களுக்குச் சின்ன வயதிலிருந்தே ஊட்டி வளர்த்திருக்கிறார்கள். அந்த ஞாயிறு பாஸ்டர், "சாட்சி சொல்ல யார் இருக்கா?" என்று கேட்டதும் வெர்லீன் ஊதாத் தொப்பியோடு எழுந்தாள்.

"ஆஸ்பத்திரித் துணி என் வாசலுக்கு வந்தாச்சு! இன்னும் கண்ணால பாக்கல, ஆனா வந்தாச்சு! நன்றி, அப்பா! யாருக்கு வேலை வேணுமோ அவங்க திங்கக்கிழமை என் கூடத்துக்கு வாங்க!"

சபையே எழுந்து ஆடியது. ஆர்கன் வாசித்தவன் கட்டைகளிலிருந்து கைகளை எடுக்கவே இல்லை. நானும் கைதட்டினேன், தட்டாமல் எப்படி இருப்பது?

திங்கட்கிழமை வந்தவர்களில் எர்லீன் அக்காவும் ஒருத்தி. பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தவள். பென்ஷனுக்கு இன்னும் கொஞ்ச காலம்தான் பாக்கி. புருஷன் இல்லை, முழங்காலும் சரியில்லை. அந்த வேலையை விட்டுவிட்டு வந்து நின்றாள்.

"பள்ளிக்கூட வேலையை விட்டுட்டியா அக்கா? முதல்ல துணி வரட்டுமே" என்று வெர்லீனே பதறினாள்.

"ஏ புள்ள, நேத்து நீதானே வந்தாச்சுன்னே? உன் சாட்சிக்கு நான் ஆமென் சொன்னேன்ல? சொல்லிட்டு வீட்ல உக்காந்திருந்தா அது என்ன ஆமென்?" என்று சொல்லிவிட்டு எர்லீன் தலைக்கு வலை மாட்டிக்கொண்டாள். "மெஷினைக் காட்டு. கோழி வறுத்த கைதான், துணியும் மடிக்கும்."

வெர்லீன் நன்றாகப் பேசக்கூடியவள், ஆனால் தன் விசுவாசத்தையே தன் முன்னால் கொண்டுவந்து நிறுத்தியவளிடம் என்ன பேசுவாள்?

துணி வரவில்லை.

முதலில் பிராண்ட் கம்பெனி, துணி வண்டிகளை இரண்டு கூடத்துக்கும் பிரித்துவிட ஏற்பாடு நடக்கிறது என்றது. பிறகு ஆஸ்பத்திரியில் ஏதோ ஆய்வு என்றது. பிறகு அடுத்த மாதம் என்றது. அதற்குப் பிறகு போனையே எடுக்கவில்லை. தினமும் காலையில் எர்லீனும் மற்றவர்களும் தலைவலையோடு வந்து, பளபளவென்று நிற்கும் மெஷினைச் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். வாசலில் லாரிச் சத்தம் கேட்டால் எல்லாரும் ஒரே நேரத்தில் எழுவார்கள். அது குப்பை லாரியாக இருக்கும். ஒரு தடவை நான் அங்கே இருந்தபோது அப்படி எழுந்து உட்கார்ந்தார்கள். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் கூடத்து வாசலுக்கு ஒரு பேனர் அளவெடுக்க வந்தவன் அளவெடுக்காமலே திரும்பிவிட்டேன்.

வெர்லீன் சும்மா இருக்கவில்லை. மருத்துவமனையில், கறுப்பர் போன்ற சிறுபான்மையினரின் கம்பெனிகளுக்கு வேலை கொடுக்கும் பிரிவைப் பார்ப்பவள் ஜெனெல் விட்லோ. அவளும் எங்கள் இனம்தான், நல்ல படிப்பு, நல்ல உடுப்பு, கண்ணுக்குக் கீழே எப்போதும் கருவளையம். வெர்லீன் அவளைப் போய்ப் பார்த்தாள், நானும் கூடப் போயிருந்தேன்.

ஜெனெல் கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "பிராண்ட் வருஷக் கடைசிக் கணக்குல, வேலை குடுத்ததா உங்க பேரைக் காட்டுவான். நாங்க அதை மேல காட்டுவோம். 'கறுப்பர் கம்பெனியோட வேலை செய்றோம்'னு எல்லாருக்கும் திருப்தி. இதை நான் கிளறினா முதல்ல போறது நான்தான், அக்கா. அப்புறம் இந்த நாற்காலியில நம்ம ஆளு ஒருத்தர் கூட இருக்க மாட்டாங்க."

"நீ இருந்து என்ன கிழிச்சே?" என்று நான் கேட்டேன். வெர்லீன் என் காலை மிதித்தாள்.

ஜெனெல் கோபப்படவில்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. அவள் சொன்னாள்: "ஒரு வழி இருக்கு. சின்ன கிளினிக்குகளோட துணி வேலை தனியா வருது. அது கொள்முதல் தலைவர் கேரிட்டி கையில. ஆஸ்பத்திரியோட வருடாந்திர விருந்துல உங்களுக்கு 'சிறந்த கூட்டாளி' விருது குடுக்கறாங்க. அவர் பக்கத்துலதான் உங்களை உக்கார வைப்பேன். மேடையில ரெண்டு வார்த்தை நன்றி சொல்லுங்க, அவர் மனசு குளிரட்டும். அப்புறம் நேரடியா கேளுங்க."

திரும்பி வரும்போது காரில் நான் பொரிந்து தள்ளினேன். "ஒரு தலகாணி உறைகூட வெளுக்காததுக்கு விருதா? மேடையில ஏறி உள்ளதைச் சொல்லு. சொல்லிட்டு எறங்கு."

"சொன்னா எர்லீன் அக்காவுக்கு வேலை வருமா?"

நான் வண்டியை அவள் கூடத்துப் பக்கம் திருப்பினேன். அவளே தொடர்ந்தாள்.

"என் மானத்தை விடு அண்ணே. அந்தக் கிளினிக் துணி வந்தா எல்லாரையும் திரும்பக் கூப்பிட்டுடலாம். என் ஒரு வார்த்தையை நம்பி வந்தவங்க. அதுக்கு இன்னொரு வார்த்தை சொன்னா என்ன, நாக்கா தேஞ்சிடும்?"

அதற்குள் அவர்களை அவள் ஒவ்வொருவராக அனுப்பிவிட்டிருந்தாள். கடைசியாகப் போனவள் எர்லீன். பள்ளிக்கூடத்தில் அவள் இடத்துக்கு வேறு ஆள் வந்தாகிவிட்டது. எங்கே வேலை பார்க்கிறாள் என்று கேட்டால், "கர்த்தர் பாத்துக்கறார்" என்பாள். அதற்குமேல் வாயைத் திறக்க மாட்டாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெர்லீனைக் கட்டிப்பிடித்து, "ஏ புள்ள, மெலிஞ்சிட்டியே" என்று கேட்பதை விடவில்லை.

விருந்து ஆற்றோரத்து ஓட்டலில் நடந்தது. பேனர் என்னுடையது. இந்த முறை கைகளுக்குப் பதிலாக வெர்லீனின் முகத்தை ஆளுயரத்துக்கு அடிக்கச் சொல்லியிருந்தார்கள். அதைத் தொங்கவிட்டுவிட்டு, இருக்கட்டுமே என்று அவள் மேசையிலேயே உட்கார்ந்தேன். வெர்லீன் அதே ஊதாத் தொப்பியைப் போட்டிருந்தாள். அவளுக்கு ஒரு பக்கம் கேரிட்டி, மறுபக்கம் ஜெனெல், எதிரே பிராண்ட். பிராண்ட் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே, "எப்படி இருக்கீங்கம்மா?" என்று கேட்டான். கொஞ்சம்கூடக் கூச்சம் இல்லை. வெண்ணெய்க் கத்தி என் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது, அதைப் பார்க்காமல் இருக்க நான் ரொம்பப் பாடுபட்டேன்.

பெயரைக் கூப்பிட்டார்கள். வெர்லீன் ஏறினாள். அந்த ஆளுயர முகத்துக்கு முன்னால் அவள் சின்னப் பெண்ணைப் போலத் தெரிந்தாள். கண்ணாடிப் பலகை ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். கண்ணை மூடிக்கொண்டாள். அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது, அவள் சபையில்தான் நிற்கிறாள்.

"இந்த ஆஸ்பத்திரி எங்க சின்ன சலவைக்கூடத்தை நம்புச்சு. அதனால எங்க சபைக் குடும்பங்களுக்கு வேலை வந்துச்சு. துணி வாசலுக்கு வந்துச்சு. நன்றி! நன்றி!"

அழகாகச் சொன்னாள். பாவி, அவ்வளவு அழகாகச் சொன்னாள். வராததற்கு நன்றி சொல்ல எங்களைவிடப் பழகியவர்கள் யார் இருக்கிறார்கள்? கோட்டுப் போட்ட கூட்டம் எழுந்து நின்று தட்டியது. பிராண்ட் எல்லாரையும்விடப் பலமாகத் தட்டினான். நான் மட்டும் தட்டவில்லை.

தட்டாமல் திரும்பிப் பார்த்தபோதுதான் சுவரோரம் எர்லீனைப் பார்த்தேன். வெள்ளைச் சட்டை, கறுப்பு மேலங்கி, கையில் தண்ணீர்க் குடுவை. ஓட்டல் விருந்துகளுக்குக் கூலிக்கு வருகிறாள் போலிருக்கிறது. கையில் குடுவை இருந்ததால் அவளும் தட்டவில்லை. அப்படித்தான் நான் நினைத்துக்கொண்டேன்.

வெர்லீன் வந்து உட்கார்ந்தாள், மூச்சு வாங்கியது. எர்லீனை அவள் பார்க்கவில்லை. நேராக கேரிட்டி பக்கம் திரும்பி, மனப்பாடம் செய்து வைத்திருந்ததைக் கேட்டாள்.

"ஐயா, கிளினிக் துணி வேலை தனியா வருதாமே. அதை எங்ககிட்ட நேரா குடுத்தா நல்லா செய்வோம். ஆளுங்க இருக்காங்க, மெஷின் இருக்கு."

கேரிட்டி கெட்டவர் இல்லை. அவர் முகத்தில் உண்மையான அன்புதான் இருந்தது. அவள் தோளைத் தட்டிக்கொடுத்துச் சொன்னார்: "உங்களுக்குத்தான் எங்க வேலை ஏற்கெனவே இருக்கேம்மா! இப்பதானே எவ்வளவு உருக்கமா சொன்னீங்க. ஒருத்தருக்கே ரெண்டையும் குடுத்தா மத்தவங்க கேக்க மாட்டாங்களா? கிளினிக் வேலை, இன்னும் எங்ககிட்ட வேலையே கிடைக்காதவங்களுக்கு."

ஜெனெல் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். பிராண்ட் கோப்பையைத் தூக்கி, "வாழ்த்துகள்" என்றான்.

வெர்லீன் வாயைத் திறந்தாள். என்ன சொல்வாள்? ஊரறிய மைக்கில் சொன்னது பொய் என்றா? இவ்வளவு பேர் எழுந்து நின்று தட்டிய பிறகா? அவள் மடியில் கண்ணாடிப் பலகை கிடந்தது. எதையாவது உடைக்க வேண்டும் போலிருந்தது, ஆனால் நானும் அந்தக் கூட்டத்தில் பேனருக்குக் கூலி வாங்க வேண்டியவன்தான்.

அப்போது மேசையைச் சுற்றித் தண்ணீர் ஊற்றிக்கொண்டே எர்லீன் வந்தாள். கேரிட்டிக்கு ஊற்றினாள். பிராண்டுக்கு ஊற்றினாள். முழங்கால் வலியில் கொஞ்சம் சாய்ந்து நடந்தாள். வெர்லீனின் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். வெர்லீன் நிமிர்ந்து பார்த்தாள்.

"அக்கா..." என்றாள்.

எர்லீனின் முகத்தில் ஒன்றுமே இல்லை. கோபம்கூட இல்லை. மேடையில் சொன்னதையும் கேட்டிருக்கிறாள், கேரிட்டி சொன்னதையும் கேட்டிருக்கிறாள். குடுவையைச் சாய்க்கத் தயாராகப் பிடித்துக்கொண்டு, யாரோ முன்பின் தெரியாத பெண்ணிடம் கேட்பதைப் போல மரியாதையாகக் கேட்டாள்.

"தண்ணி ஊத்தட்டுங்களா, மேடம்?"

வெர்லீன் கோப்பையை நீட்டினாள்.