கேளாமல் எடுத்த படம்

இறுப்பிட்டியில் பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்க ஒரு தடாகம் கட்டவென்று சஞ்சீவன்தான் முன்னின்று நிதி சேர்த்தான். வெளிநாட்டில் இருப்பவர்களின் மனம் இளகட்டுமென்று, போன வருசம் கடலில் மூழ்கி இறந்த தாரிகாவின் மரண அறிவித்தல் படத்தைப் பெரிய பதாகையில் அடித்துச் சந்தியில் கட்டினான். அவளுடைய தாய் அம்பிகையிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பதாகைக்குப் பக்கத்தில் மேசை போட்டுக் காசு சேர்த்துக்கொண்டிருந்த சஞ்சீவனிடம் தன் பங்கைக் கொடுக்க வந்த அம்பிகை, படத்தைக் கண்டு அப்படியே நின்றுவிட்டாள்.

"நல்ல காரியத்துக்குத்தானே அக்கா..." என்று சஞ்சீவன் இழுத்தான்.

"ஓம் தம்பி. என்னட்டைக் கேட்டிருந்தால், பிள்ளை சிரிச்சுக்கொண்டு நிக்கிற படம் தந்திருப்பன்."

சஞ்சீவனுக்கு மனம் கூசியது. காசை வாங்கக் கை எழவில்லை. அவள் அதை மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

ஊர் பார்க்க ஏணி வைத்துப் பதாகையைத் தானே அவிழ்த்தான். மறுநாள் மன்னிப்புக் கேட்க அவள் வீட்டு வாசற்படலைவரை போனவன், கூப்பிட வாய் வராமல் திரும்பிவிட்டான்.